புல்வாரியும் ஒரு விரலும்

பதினொரு மைல். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்று யாராவது கணக்குச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் பழைய டிராக்டருக்குப் பின்னால் போனதே இல்லை. அதன் புகையைக் குடித்துக்கொண்டு, பிக்கப் வண்டியின் கூரையில் மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு, பின்னால் சேருகிற கார்க்காரர்களின் எரிச்சலை முதுகில் வாங்கிக்கொண்டு போகிற பதினொரு மைல் ஒரு ஆயுசு. எனக்கு வயது அறுபத்தாறு. இருக்கிற ஆயுசில் ஒன்றை இப்படிச் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் போனேன்.

டிராக்டரில் உட்கார்ந்திருந்தவன் வெர்லின், என் கணவன். ஒரே பள்ளிக்கூடப் பேருந்தில் போய் வந்தவர்கள் நாங்கள். அதனால் எங்களுக்குள் நீ, வா, போதான். நாற்பத்தோரு வருஷக் கல்யாணம் அதை மாற்றவில்லை. அவன் என்னை மார்லிஸ் என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

டிராக்டருக்குப் பின்னால் வந்தது அவன் அப்பா வாங்கிய புல்வாரி. வெட்டிக் காயவைத்த புல்லை வயலில் நீளமான வரிசைகளாக ஒதுக்கித் தரும். அதற்குத் தனி எஞ்சின் கிடையாது. சக்கரம் உருண்டால் பல்சக்கரம் திரும்பும், அது திரும்பினால் நூறு இரும்புப் பற்கள் வைத்த உருளை சுற்றும். வயலில் மாட்டு நடையாகப் போகும்போது அழகாகச் சுற்றும். சாலை வேகத்தில் சுற்றவிட்டால் பற்கள் கழன்று நாலாபக்கமும் பறக்கும். ஆகவே கிளம்புவதற்கு முன் பக்கத்து லீவரைத் தூக்கி, பல்சக்கரத்தைப் பிரித்து, லீவர் திரும்ப விழாதபடி கம்பியால் கட்டிவைக்க வேண்டும். இது விஸ்கான்சினில் எங்கள் பக்கத்துக் கோழிக்குக்கூடத் தெரியும்.

ஜூலை மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. ஊரில் பழைய இயந்திரச் சங்கத்தின் புல் நாள், பழைய யந்திரங்களை வயலில் ஓட்டிக் காட்டும் விழா. நாலு வருஷமாக வெர்லினை வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷம் முடியாது என்றான். இந்த வருஷம் ஏனோ சரி என்றுவிட்டான். சொன்ன மறுவாரமே மழை கொட்டி, ஓடைப் பக்கத்து மண் சாலையில் இருந்த பாலம் அடித்துக்கொண்டு போனது. அந்தப் பாலம் போனால் ஊருக்குப் போக ஒரே வழிதான். மேட்டுச் சாலை.

அன்று காலை ஆறரை மணிக்கே வியர்த்தது. வெர்லின் புல்வாரியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். இழுவைக் கொக்கியின் ஆணி. ஆணி மேலே ஏறாமல் இருக்கும் கிளிப். ஆணி போனாலும் பிடித்துக்கொள்ளச் சங்கிலி. மெதுவாகப் போகும் வண்டி என்று காட்டும் ஆரஞ்சு முக்கோணத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். இரும்புச் சக்கரங்களுக்குப் பழைய டயரை வெட்டிப் போட்டிருந்த பட்டையைக் குனிந்து அழுத்திப் பார்த்தான். முட்டி வலியில் எழுந்திருக்கும்போது முனகினான்.

"லீவரு?"

"கட்டிட்டேன்."

"நல்லா கட்டுனியா?"

"இல்ல, ரிப்பன்ல பூ வச்சுக் கட்டியிருக்கேன். ஏறி உக்காரு, வெயில் ஏறுது."

கட்டியது நான்தான். ஆனால் கம்பியால் இல்லை. கொட்டகையில் கம்பி தேடினேன், கிடைக்கவில்லை. முதல் நாள் கோழிக்கூட்டுக் கதவுக்கு நானே எடுத்துப் போட்டுவிட்டேன் என்பது அப்புறம் நினைவுக்கு வந்தது. கூட்டுக்குப் போய் அவிழ்த்து வர ஐம்பது அடி நடக்க வேண்டும். முதல் நாள் முழுக்கச் சர்ச் விருந்துக்கு ரூபார்ப் கேக் செய்து என் கால் இரண்டும் வீங்கியிருந்தது. புல் கட்டும் கயிறு ஆணியில் தொங்கியது. எடுத்து மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். எங்கள் ஊரில் வேலிக்கதவு, கார் பம்பர், ஆண்களின் கால்சட்டை எல்லாமே அந்தக் கயிற்றில்தான் நிற்கின்றன. ஒரு லீவர் நிற்காதா என்று நினைத்தேன்.

அவன் டிராக்டரில் ஏறி உட்கார்ந்ததும், நாலு வருஷமாகச் சொல்லுகிறதை அன்றும் சொன்னேன்.

"கை."

அவன் தலையை ஆட்டினான். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன் உயரத்தில் உட்கார்ந்திருப்பான். பின்னால் வருகிற காருக்குத் தெரியாத சாலை அவனுக்குத் தெரியும். அதனால் எதிரே வண்டி இல்லை என்றால் இடது கையை நீட்டி, முந்திக்கொண்டு போ என்று வீசிக் காட்டுவான். அது மரியாதை. கை காட்டாமல் ஊர்ந்து போகிறவனைப் பார்த்து, வளர்த்த லட்சணம் சரியில்லை என்பார்கள். வெர்லின் பதினாலு வயதிலிருந்து கை காட்டினான். நாலு வருஷத்துக்கு முன் ஜூனில், இதே டிராக்டரில், இதே புல்வாரியை இழுத்துக்கொண்டு மேட்டுச் சாலையில் ஏறும்போதும் காட்டினான்.

பின்னால் வந்தவள் காரின் டோலஃப்ஸ்ருட், எங்களுக்கு அடுத்த பண்ணைக்காரர் ஓரினின் மகள். பத்தொன்பது வயது. சீஸ் ஆலையில் காலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கையைப் பார்த்து முந்துவதற்கு வெளியே வந்தாள். மேட்டின் உச்சியில் பால் லாரி வந்தது.

பிழைத்துவிட்டாள். பதினொரு வாரம் ஆஸ்பத்திரி, இடுப்பில் உலோகம், இனி எப்போதும் ஒரு கால் சாய்ந்துதான் நடக்கும். ஷெரிஃப் வந்து அளந்து எழுதிக்கொண்டார். முந்துகிறவர்தான் பார்த்து முந்த வேண்டும், வெர்லின் மேல் குற்றமில்லை என்றார். வெர்லின் அவரை நம்பவில்லை. ஓரின் என்ன நினைத்தார் என்று யாருக்கும் தெரியாது, அவர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சர்ச் முடிந்து காபி நேரத்தில் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த மூலைக்குப் போய்விடுவார்.

அன்றிலிருந்து வெர்லினின் இடது கை எழுந்ததில்லை. வண்டி ஓட்டும்போது எதிரே வருகிறவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவது எங்கள் ஊர் வழக்கம். வணக்கம், நல்லா இருக்கியா, மழை வரும்போல இருக்கே, எல்லாம் அந்த ஒரு விரலில் அடக்கம். அதையும் விட்டுவிட்டான். வெர்லினுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். எனக்குக் கேட்டது, அவனுக்கும் கேட்டிருக்கும். மேட்டுச் சாலையில் அவன் டிராக்டர் ஏறவே இல்லை. ஆறு மைல் சுற்றி மண் சாலையிலேயே போனான், பாலம் இருந்தவரை.

நான் என்ன செய்தேன்? அவனைத் தேற்றினேனா? இல்லை. ஒவ்வொரு தடவை அவன் டிராக்டரில் ஏறும்போதும் "கை" என்று சொன்னேன். அவன் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குக் கோபம். இவன் ஒரு கையைத் தூக்கியதற்கு என் ஞாயிற்றுக்கிழமைக் காபியும், என் அடுத்த வீட்டு சிநேகமும் போனதே என்ற கோபம். அதைச் சத்தம் போட்டுச் சொல்லாமல் ஒற்றை எழுத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து மனிதர்கள் அப்படித்தான், சத்தம் போட மாட்டோம்.

முதல் ஐந்து மைல் ஒன்றும் நடக்கவில்லை. கார்கள் வந்தன, பின்னால் முக்கின, சமதரையில் முந்திப் போயின. ஒருவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே போனான். "போடா போ, அங்க போயி என்னத்தக் கிழிக்கப்போற" என்று ஜன்னலை மூடிக்கொண்டு திட்டினேன். எதிரே வந்த தெரிந்தவர்கள் விரல் தூக்கினார்கள். நான் தூக்கினேன். முன்னால் வெர்லின் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மரமாக இருந்தான்.

புல்வாரி சாலையில் தன் பாதியும் எதிராளி பாதியில் கொஞ்சமும் எடுத்துக்கொண்டு கிலுகிலுவென்று போனது. ஓரம் குறுகலாக வந்த இடங்களில் வெர்லின் அதை வெள்ளைக் கோட்டுக்கு மேலேயே வைத்திருந்தான். ஒரு தரம்கூட வால் ஆடவில்லை. நன்றாக ஓட்டுகிறான் என்று நினைத்தேன். அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை.

ஆறாவது மைலில் ஒரு சாம்பல் நிறக் கார் எனக்குப் பின்னால் சேர்ந்தது. முந்தவில்லை. சாலை நேராக, எதிரே சோளக்கொல்லை தவிர ஒன்றுமில்லாமல் கிடந்தது. நடுவில் விட்டுவிட்டுப் போட்ட கோடு. என் மாமியார்கூட முந்தியிருப்பாள், அவள் கார் ஓட்டினதே இல்லை. அந்தக் கார் மட்டும் நாலு கார் தூரம் விட்டு ஊர்ந்து வந்தது. வெயில் அதன் முன்கண்ணாடியில் அடித்ததால் யாரென்று தெரியவில்லை.

"போயேன்டா, மகராசா. உனக்குப் பாதிரியாரு வந்து ஜெபம் பண்ணணுமா?" என்றேன். கண்ணாடியில் பார்த்துப் பேசி எனக்குக் கழுத்து வலித்தது.

ஒன்பதாவது மைலில் மேடு ஆரம்பித்தது. சாலை இடது பக்கம் வளைந்து, பிறகு நேராக ஏறும். நடுவில் முந்தக்கூடாது என்கிற இரட்டை மஞ்சள் கோடு, உச்சிக்கு அந்தப் பக்கம் வானம்தான். வெர்லின் கியரைக் குறைத்தான். டிராக்டர் கறுப்பாக ஒரு மூச்சு விட்டது. அவன் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. பின்னாலிருந்தே தெரிந்தது. இன்னும் இருநூறு அடி, அப்புறம் இறக்கம், அப்புறம் ஊர், ஒரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் என்று எண்ணிக்கொண்டே போனேன்.

அப்போது புல்வாரியின் உருளை அசைந்தது.

முதலில் காற்று என்று நினைத்தேன். அடுத்த நொடி அது சுற்றியது. கிலுகிலு சத்தம் போய்க் கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. லீவர் விழுந்துவிட்டது. பக்கவாட்டில் என் கயிறு அறுந்து நுனி பறந்துகொண்டிருந்தது. வேறு யாரும் பார்த்திருக்க முடியாது, நான் பார்த்தேன். ஒரு பல் கழன்று தாரில் தெறித்து, துள்ளி, என் பானட்டில் டங்கென்று விழுந்தது. இரண்டாவது பல் எங்கேயோ எதிர்ப் பக்கம் பறந்தது. அந்தப் பக்கம் வண்டி வந்திருந்தால் ஓட்டுகிறவன் முகத்துக்கு நேராகப் போயிருக்கும்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு ஹாரன் என்றால் பின்னால் கூட்டம் சேருது, இடம் கண்டால் ஒதுங்கு. இரண்டு நீள ஹாரன் என்றால் நில். நான் இரண்டு அடித்தேன். மறுபடியும் இரண்டு.

அவன் கண்ணாடியில் பார்த்தான். உருளையைப் பார்த்தான்.

அங்கே நிற்க எனக்குத் தெரிந்து ஒரே வழிதான். இருக்கிற இடத்திலேயே, சாலையிலேயே, பிரேக்கை மிதித்து நிற்பது. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். புல்வாரிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மேட்டின் உச்சிக்குக் கீழே பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றால், பின்னால் வளைவில் வருகிறவன் கண்ணை மூடிக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். யாராவது உச்சியில் நின்று, வா, இப்ப வா என்று அவனுக்குக் கை காட்ட வேண்டும்.

வெர்லின் நிற்கவில்லை. ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தான். டிராக்டரின் வலது சக்கரங்கள் சரளைக்கு இறங்கின. சரளை இரண்டு முழம்தான், அதற்கு அப்புறம் பள்ளம். டிராக்டர் பாதி ஒதுங்க இடம் போதும். புல்வாரிக்குப் போதாது என்று எனக்குத் தெரியும், அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தே இழுத்தான். அதன் வலது சக்கரம் விளிம்பில் இறங்கி, மண் சரிந்து, முழு யந்திரமும் சாவகாசமாகப் பள்ளத்தில் சாய்ந்தது. இரும்பு வளைகிற சத்தம் கேட்டது. சங்கிலி இறுகி டிராக்டரோடு பிடித்துக்கொண்டது. உருளை புல்லில் மாட்டி நின்றது.

நான் பின்னால் ஓரமாக நிறுத்தி விளக்கை அப்படியே சுழலவிட்டு இறங்கினேன். டிராக்டரின் இடது பெரிய சக்கரம் மட்டும் இன்னும் மூன்றடி சாலைக்குள் நின்றது. வெர்லின் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றான். ஒரு சக்கரம் தட்டுப்போல வளைந்திருந்தது. அவன் அப்பா அந்தச் சக்கரத்துக்கு வருஷா வருஷம் சிவப்பு வண்ணம் அடிப்பார்.

"மார்லிஸ்" என்றான்.

"தெரியுது."

அவன் குனிந்து லீவரில் தொங்கிய கயிற்று நுனியை இழுத்தான்.

"இது என்ன?"

"கயிறு."

"கம்பி?"

"கோழிக்கூட்டுக் கதவுல."

அவன் கயிற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். திட்டு வரும் என்று நின்றேன். வர வேண்டும் என்றுகூட நினைத்தேன். நாலு வருஷம் நான் அவனுக்குச் சொன்ன ஒற்றை வார்த்தைக்கு இதோ அவனுக்கும் ஒரு ஒற்றை வார்த்தை கையில் கிடைத்துவிட்டது. செத்துப்போகும்வரை சொல்லிக்கொண்டிருக்கலாம்.

"அடிபடலையே உனக்கு?" என்றான். "பானட்டுல ஏதோ விழுந்துச்சே?"

"இல்ல."

"சரி" என்று கயிற்றைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தான். அவ்வளவுதான். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

பின்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. சாம்பல் நிறக் கார் என் பிக்கப்புக்குப் பின்னால் ஓரத்தில் நின்றிருந்தது. இறங்கி வந்தவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாள். நடையைப் பார்த்ததும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. வெர்லினுக்கும் தெரிந்துவிட்டது. அவன் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"யாருக்கும் அடி இல்லையே?" என்றாள் காரின். சீஸ் ஆலையின் வெள்ளைச் சட்டையில் இருந்தாள். முகம் அதைவிட வெளுத்திருந்தது.

"இல்லம்மா" என்றேன். "நீயா அது பின்னாடியே வந்தது? மூணு மைலு!"

"ஆமா."

"ரோடு காலியாத்தானே கிடந்துச்சு. முந்திப் போயிருக்கலாமே."

"முடியல, மார்லிஸ்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "டிராக்டரப் பாத்தா கால் அமுக்க மாட்டேங்குது. போன அக்டோபர்ல ஒரு அறுவடை மிஷினுக்குப் பின்னாடியே போயி எங்க வீட்டுத் திருப்பத்தத் தாண்டி ஒம்போது மைலு போயிட்டேன். அவரு கடைசியில தன் வயலுக்குள்ள திரும்பி, எதுக்குமா பின்னாடியே வர்றே, கல்யாணம் பண்ணிக்கவான்னு கேட்டாரு. எழுவது வயசு."

நான் சிரித்துவிட்டேன். வெர்லின் சிரிக்கவில்லை. அவன் தாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காரின்" என்றான். அந்தப் பெயரை அவன் வாயால் நாலு வருஷத்துக்கு அப்புறம் கேட்டேன். "நான் அன்னிக்கு உச்சிவரைக்கும்தான் பாத்தேன். அந்தப் பக்கம் பாக்கல. பாக்காமலே கையைக் காட்டுனேன்."

"தெரியும்."

"உங்க வீட்டுக்கு வந்து சொல்லணும்னு மூணு தடவ வண்டிய எடுத்தேன். உங்க வாசல் தபால்பெட்டிவரைக்கும் வந்து திரும்பிட்டேன்."

"அதுவும் தெரியும். அப்பா ஜன்னல் வழியா பாத்துட்டே இருப்பாரு. நீங்க திரும்பிப் போனா ஒரு பெருமூச்சு விடுவாரு. அவருக்கு உங்க மேல கோவம் இல்ல, வெர்லின். உங்களப் பாத்தா என்ன பேசறதுன்னு தெரியல. அதான் காபிய எடுத்துட்டு ஓடிடறாரு." அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள், நிற்பது வலித்திருக்கும். "நான் உங்க கையப் பாத்தேன். ரோட்டப் பாக்கல. அது என் தப்பு. நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும். எனக்கும் தபால்பெட்டி தாண்ட முடியல."

புல்லில் வெட்டுக்கிளி கத்தியது. இப்படி நாலு வருஷம் இரண்டு வீட்டுக்காரர்கள் தபால்பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டிருந்திருக்கிறோம். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது. பிக்கப்பின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

காரின் கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு ஷிஃப்டு இருக்கு" என்றாள். பிறகு சாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்த டிராக்டர் சக்கரத்தைப் பார்த்தாள். அதைத் தாண்ட மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். "நீங்க மேல நின்னு பாத்துச் சொல்றீங்களா, வெர்லின்? வருதா இல்லையான்னு?"

அவன் உடம்பு விறைத்தது. என் பக்கம் திரும்பினான். நாலு வருஷத்தில் முதல் தடவையாக, அவன் என்னிடம் அனுமதி கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. நான் சொல்லிச் சொல்லியே அந்தக் கையைப் பைக்குள் தைத்துவைத்திருந்தேன்.

"சொல்ல மாட்டேன்" என்றான் அவளிடம்.

அவள் முகம் வாடியது.

"நீ வா" என்றான். "நீயே வந்து பாரு. கண்ணால பாத்துட்டுப் போ."

இருவரும் சரளையில் மேலே நடந்தார்கள். அவனுக்கு வலது முட்டி, அவளுக்கு இடது இடுப்பு. ஒருவர் இந்தப் பக்கம் சாய, ஒருவர் அந்தப் பக்கம் சாய, நடுவில் ஒரு ஆள் இடைவெளி விட்டுப் போனார்கள். உச்சியில் நின்றார்கள். குதிரை ஏற்றும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஒரு வேன் எதிரே வந்து தாண்டிப் போனது. காரின் அவன் சட்டைக் கையைப் பிடித்ததைப் பார்த்தேன். அவன் அசையவில்லை. அப்புறமும் நின்றார்கள். அவன் ஏதோ சொல்லி அந்தப் பக்கத்துச் சரிவைத் தாடையால் காட்டினான். கையால் காட்டவில்லை. அவள் தலையாட்டினாள். அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் தெரிகிறது, ஒரு வண்டி அடியிலிருந்து மேலே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணியிருப்பார்கள். பிறகு அவள் மட்டும் வேகமாக இறங்கி வந்தாள், அவளால் முடிந்த வேகத்தில்.

"ரொம்ப தூரம் தெரியுது" என்றாள் என்னிடம். "மேல நின்னா எவ்வளவு தூரம் தெரியுது!"

"ஆமாம்மா."

"அப்பாவ அனுப்பறேன். அவர்கிட்ட பாரம் இழுக்கற செயின் வின்ச்சு இருக்கு. தூக்கிடலாம்."

"வருவாரா?"

"இனிமே வந்துதானே ஆகணும்? பள்ளத்துல விழுந்ததப் பாத்துட்டுச் சும்மா இருக்க அவருக்கு முடியாது. உங்களுக்குத் தெரியாதா அவர?"

அவள் காரில் ஏறினாள். கண்ணாடியைப் பார்த்தாள், தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். ஓரத்திலிருந்து வெளியே வந்தாள். என் பிக்கப்பைத் தாண்டினாள். மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். டிராக்டரைத் தாண்டினாள். எதிரே எதுவும் வரவில்லை. உச்சியில் நின்ற வெர்லினைக் கடக்கும்போது அவள் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினாள்.

அவன் பைக்குள் கையை வைத்துக்கொண்டே நின்றான். கார் அவனைத் தாண்டிப் போய்விட்டது. பிறகு அந்த இடது கை வெளியே வந்தது. அது என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் தொங்கியது. பிறகு மேலே எழுந்து, ஒரு விரல் மட்டும் நின்றது. அந்தப் பக்கத்து இறக்கத்தில் அவள் கண்ணாடியில் பார்த்தாளோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவன் இறக்கவில்லை. கார் போன பிறகும் ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தான்.

நான் மெதுவாக மேலே ஏறிப் போனேன். அவன் கன்னம் ஈரமாக இருந்தது. அவன் துடைக்கவில்லை. பழக்கதோஷம், என் வாய் தானாகத் திறந்தது. "க" என்று பாதி வந்தும்விட்டது.

"என்ன?" என்றான், விரலை இறக்காமல்.

"கயிறு வேணுமான்னு கேக்க வந்தேன்" என்றேன். "புல்வாரியக் கட்டித் தூக்க."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நாற்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ தடவை அவன் சிரித்து நான் பார்த்திருக்கிறேன். இந்த நாலு வருஷத்தில் பார்க்கவில்லை. வாய்விட்டுச் சிரித்து, சட்டைப்பையிலிருந்து அந்த அறுந்த கயிற்றை எடுத்து என் கையில் வைத்தான். பிறகு நாங்கள் இருவரும் இறங்கிப் போய், ஓரின் வருவதற்குள், சாலையில் சிதறிக் கிடந்த பற்களைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தோம்.